வாசகர் கேள்வி பதில்: லாரியில் பார்த்த ஆப்பிரிக்கா

போன இதழில், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து நமீபியா, பாட்ஸ்வானா வழியாக, ஜிம்பாப்வே-சாம்பியா எல்லையில் இருக்கிற விக்டோரியா அருவி வரை 20 நாள் டிரக்கில் போய்வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்குச் சேலம், ஏற்காடு, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மட்டுமே இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். என்னைக் கிண்டல் செய்து வந்த கடிதத்தையும் விடவில்லை.

கேள்வி: எனக்கு 58, வீட்டுக்காரருக்கு 63. இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இந்த டிரக் பயணத்தில் டெண்டில் படுக்க வேண்டுமாமே, எங்கள் வயதுக்குச் சரிப்படுமா? பிள்ளைகள் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். (வாசகி, அம்மாபேட்டை)

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம் அம்மா, முதுகைப் பற்றித்தான் கவலை. இந்த வண்டி பார்க்க பஸ் மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது லாரி. லாரிச் சட்டத்தின் மேல் இருபது பேர் சொச்சம் உட்காருகிற மாதிரி கூண்டு கட்டியிருப்பார்கள், ஏறுவதற்கே நாலைந்து படி இருக்கும், அடுப்பு, பாத்திரம், மடக்கு நாற்காலி எல்லாம் பக்கவாட்டுப் பெட்டிகளில் இருக்கும். மாலையில் முகாம் போய்ச் சேர்ந்ததும் அவரவர் டெண்டை அவரவரே அடிக்க வேண்டும், பாத்திரம் கழுவவும் முறை வைப்பார்கள். முழுப் பாதையும் ஏறக்குறைய 5,500 கிலோமீட்டர். சில நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவீர்கள்.

நமீபியாவில் பெரும்பாலான சாலைகள் சரளைதான். வண்டி அலை அலையாக அதிரும், டிரைவர்கள் அதை 'ஆப்பிரிக்க மசாஜ், இலவசம்' என்பார்கள். 2023 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். நம் சேலம் மாவட்டத்தில் 2011லேயே 34 லட்சத்துக்கு மேல் இருந்தோம்! ஆனால் பரப்பளவில் அது தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு. அதனால் ஜன்னலுக்கு வெளியே ஒரு மனிதர்கூடத் தென்படாமல் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போகும். ஒரு டீக்கடை கிடையாது. இது அலுப்பா சுகமா என்பதுதான் உண்மையான கேள்வி, வயது இல்லை. சேலத்திலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போகிறவர்களா நீங்கள் இருவரும், இல்லை ஜங்ஷன் தாண்டுவதற்குள் போனை எடுத்துவிடுகிறவர்களா? முதல் வகை என்றால் தாராளமாகக் கிளம்புங்கள். இரண்டாவது வகை என்றால், விமானத்தில் ஒரே சரணாலயத்துக்குப் போய் நாலு நாள் விடுதியில் தங்கிவிட்டு வந்துவிடுங்கள், காசும் மிச்சம், மனஸ்தாபமும் மிச்சம்.

டெண்டுக்குப் பதில் விடுதியில் படுக்கிற ஏற்பாடும் இதே பாதையில் உண்டு, விலை கூட. முடிவு செய்வதற்கு முன் ஒரு வாரம் தரையில் பாய் போட்டுப் படுத்து, நடுராத்திரி கையை ஊன்றாமல் எழுந்து பாத்ரூம் போக முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒன்று, சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். நான் புதிதாக வாங்கிய கெட்டிப் பெட்டியோடு போனேன். டிரக்கின் லாக்கரில் அது நுழையவில்லை. 20 நாளும் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்தேன், மணலில் சக்கரம் உருளாது என்பதால் முகாமுக்கு முகாம் தலையில் சுமந்தேன். கூட வந்தவர்கள் எல்லோரும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள்.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் சாயங்காலமானால் காட்டெருமை வந்து நிற்கிறது. லட்சக்கணக்கில் செலவு செய்து ஆப்பிரிக்கா போய் எருமை பார்த்துவிட்டு வந்து கதை வேறு சொல்கிறீர்களே? (வாசகர், ஏற்காடு)

ஐயா, முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உருவத்தில் உங்கள் தோட்டத்துக்கு வருவதுதான் பெரியது. ஆப்பிரிக்க எருமை அதைவிடக் குட்டை, ஆனால் அதன் கொம்பு நெற்றியில் ஒரு தலைக்கவசம் மாதிரிச் சேர்ந்திருக்கும், கூட்டம் நூற்றுக்கணக்கில் போகும்.

நான் சொல்ல வந்தது எருமையை இல்லை. நமீபியாவின் வடக்கே எடோஷா என்று ஒரு தேசியப் பூங்கா, 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், நடுவில் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கிற வறண்ட ஏரி ஒன்று. அங்கே ஒகாகுவேயோ என்ற முகாமில் தங்கினோம். முகாமை ஒட்டியே ஒரு தண்ணீர்க்குட்டை, நமக்கும் அதற்கும் நடுவில் இடுப்புயரக் கல்சுவர், இரவு முழுக்க மஞ்சள் விளக்கு எரியும். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான், யாரும் பேசக்கூடாது. இரவு ஒன்பதரை வரை இரண்டு நரிகளைத் தவிர ஒன்றும் வரவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் போன பத்தாவது நிமிடம் இருட்டுக்குள்ளிருந்து ஒரு கருப்புக் காண்டாமிருகம் வந்தது, பின்னாலேயே குட்டி. தாய் தண்ணீரில் வாயை வைத்ததும் அது உறிஞ்சுகிற சத்தம் சுவர் வரைக்கும் கேட்டது. குட்டி குடிக்கவில்லை, தண்ணீரில் தெரிந்த தன் நிழலை மூக்கால் தள்ளிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அதற்குப் பிறகு மூன்று யானைகள் வந்தன. காண்டாமிருகம் அசையவில்லை, யானைகள் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போயின. தண்ணீரிடத்தில் யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் ஐயா அவ்வளவு தூரம் போனேன். உங்களுக்கு அது வாசற்படியிலேயே கிடைக்கிறது என்றால் கொடுத்து வைத்தவர். ஒரு சாயங்காலம் நானும் வரலாமா?

கேள்வி: புலி பார்க்கலாமா சார்? (கல்லூரி மாணவர், ஆத்தூர்)

முடியாது தம்பி. ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது. சிங்கம் உண்டு, சிறுத்தை உண்டு, சிவிங்கிப்புலி உண்டு. 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் கொண்டுவந்து விட்டார்களே எட்டு சிவிங்கிப்புலிகள், அவை நமீபியாவிலிருந்து வந்தவைதான்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடத் தொடமாட்டோம். பட்டினிதானா? (வாசகி, சூரமங்கலம்)

பட்டினி இல்லை, அலுப்பு. பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள், முதல் நாள் சமையல்காரரிடம் வாயாலும் ஒரு முறை சொல்லுங்கள். அவர்களுக்கு விருந்து என்றாலே கறியைக் கம்பி வலையில் போட்டுச் சுடுவதுதான், அதை 'பிராய்' என்கிறார்கள். உங்களுக்கு அதே அடுப்பில் உருளைக்கிழங்கும் பூசணியும் சுட்டுக் கொடுப்பார்கள், சைவத்துக்குத் தனி வலை கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒரு நல்ல சேதி. அங்கே 'பாப்' என்று வெள்ளை மக்காச்சோள மாவில் ஒன்று கிண்டுகிறார்கள், அசல் நம் களிதான்! அதே மாதிரிக் கட்டையால் கிளறி, கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிடுவது. தொட்டுக்கொள்ள 'சகலகா' என்று தக்காளி, காரட், பீன்ஸ் போட்ட காரமான கூட்டு. களி தின்று வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் நாளே பழகிவிடும். நான் கையால் உருட்டிச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு எங்கள் சமையல்காரர் அன்றிலிருந்து எனக்கு மட்டும் அடிப்பிடித்த பகுதியை எடுத்து வைத்தார். பருப்புப் பொடி ஒரு டப்பா கொண்டு போங்கள். ஊறுகாய் கொண்டு போனால் இரண்டு மூடி உள்ள டப்பாவாகப் பாருங்கள், அந்தச் சரளைச் சாலையில் என்ன ஆகும் என்று என் ஸ்வெட்டரைக் கேட்டால் தெரியும்.

கேள்வி: மே மாத விடுமுறையில் போகலாமா? அங்கேயும் வெயில் கொளுத்துமா? (வாசகர், அஸ்தம்பட்டி)

தலைகீழ். நமக்கு அக்னி நட்சத்திரம் என்றால் அங்கே குளிர்காலம் தொடங்குகிறது. ஜூன், ஜூலை இரவுகளில் பாலைவனத்தில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். ஏற்காட்டு மார்கழிக்கு எடுத்துப் போகிற ஸ்வெட்டர் போதாது, கம்பளித் தொப்பியும் காலுறையும் வேண்டும், பகலில் அதே இடத்தில் அரைக்கைச் சட்டை போதும்.

மே மாதத்தில் விக்டோரியா அருவி நிறையத் தண்ணீரோடு இருக்கும். 1,700 மீட்டர் அகலம், 100 மீட்டருக்கு மேல் உயரம், அதிலிருந்து எழுகிற சாரலில் எதிரே அருவியே தெரியாமல் போகிற நேரமும் உண்டு, தொப்பலாக நனைவீர்கள். அக்டோபர், நவம்பரில் போனால் சாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் பாறைதான் நிற்கும், அப்போது ஜிம்பாப்வே பக்கம் நின்று பார்ப்பது நல்லது. மிருகங்களுக்கோ அது நேர்மாறு, வறட்சி முற்ற முற்ற எல்லாம் குட்டைகளுக்கு வந்துதான் ஆக வேண்டும், அதனால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை எடோஷாவில் கண்ணுக்கு விருந்து. இரண்டையும் ஒரே பயணத்தில் உச்சத்தில் பார்க்க முடியாது, எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆறு இன்னும் வேடிக்கை. சேலத்துக்காரருக்கு அதைப் புரியவைப்பது சுலபம். குடகில் மழை பெய்தால் இங்கே ஒரு தூறலும் இல்லாதபோது மேட்டூர் நிரம்புகிறது இல்லையா, அதே கதை. அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்காக நடந்து, பாட்ஸ்வானா காய்ந்து கிடக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வந்து சேர்கிறது. ஒரே வித்தியாசம், காவிரி கடலுக்குப் போகும், இந்த ஆறு கடலையே பார்க்காது. பாலைவனத்துக்குள் கை விரித்தது போலப் பரவி, ஆவியாகியும் மண்ணுக்குள் இறங்கியும் முடிந்துவிடும். 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் 1000ஆவது இடமாக இதைச் சேர்த்தார்கள். 'மொகோரோ' என்ற ஒல்லிப் படகில் நம்மை உட்கார வைத்து, பின்னால் ஒருவர் நின்றுகொண்டு நீளக் கழியால் தள்ளுவார். நம் பரிசல் மாதிரி சுற்றாது, அம்பு மாதிரிப் போகும். உட்கார்ந்தால் தண்ணீர் நம் முழங்கை மட்டத்தில் இருக்கும், நாணல் முகத்தில் உரசும். அந்த நாட்டுப் பணத்தின் பெயர் 'பூலா', அவர்கள் மொழியில் மழை என்று அர்த்தம். ஊரின் நிலைமையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? (பலர்)

இந்தியாவிலிருந்து நேரே போனால் தென்னாப்பிரிக்கா கேட்காது. ஆனால் நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சான்றிதழ் கேட்பார்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் இதில் கறார்தான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். எடோஷா, ஒகவாங்கோ, விக்டோரியா அருவி எல்லாம் மலேரியா பகுதி, அதற்கு மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

விசா ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம், விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு ஒருவர் 'எல்லாம் பார்டரில் கொடுத்துவிடுவார்கள்' என்றார். நல்லவேளை, நான் நம்பவில்லை. பாஸ்போர்ட்டில் காலிப் பக்கம் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார்ஜர், பணம்? (வாசகர், ஓமலூர்)

வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் மாட்டுகிற பெரிய மூன்று முள் பிளக் இருக்கிறதே, தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் சுவரில் இருப்பது அதுதான். நம் சின்ன பிளக்கை அதில் மாட்டுகிற அடாப்டர் இங்கேயே எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும். தென்னாப்பிரிக்க ராண்டை நமீபியாவில் அப்படியே வாங்கிக்கொள்வார்கள், நமீபிய டாலரைத் தென்னாப்பிரிக்காவில் யாரும் தொடமாட்டார்கள், அதனால் எல்லை தாண்டுவதற்குள் செலவழித்துவிடுங்கள். ஜிம்பாப்வேயில் சின்னத் தாளாக அமெரிக்க டாலர்.

கேள்வி: நடுவழியில் பாத்ரூம்? (வாசகி, கொண்டலாம்பட்டி)

புதர். புதர் இல்லாத இடத்தில் டிரக்குக்குப் பின்னால். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம் என்று முதல் நாளே பிரித்துவிடுவார்கள்.

கேள்வி: இவ்வளவிலும் உங்கள் மனதில் நின்றது எது? (வாசகர், இரும்பாலை)

நமீப் பாலைவனத்தில் டெட்விளெய் என்று ஓர் இடம். டிரக் பாதி வழியில் நின்றுவிடும், கடைசி ஐந்து கிலோமீட்டர் மணலுக்கு வேறு ஜீப், அப்புறம் நடை. ஒரு மேட்டைத் தாண்டினால் வெள்ளைக் களிமண் தரை, சுற்றிலும் செந்நிற மணல் மலைகள், நடுவில் கருத்துப் போன மரங்கள். மணல் நகர்ந்து ஆற்றை மறித்ததில் தண்ணீரின்றிச் செத்து நூற்றாண்டுகள் ஆகின்றன, காற்றில் ஈரமே இல்லாததால் மக்காமல் நிற்கின்றன. தொட்டுப் பார்க்கக் கை போனது, வழிகாட்டி தலையை ஆட்டினார்.

திரும்பும் வழியில் அவர் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மணலில் இழுத்தார். கருப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. மேக்னடைட், இரும்புத் தாது என்று விளக்க ஆரம்பித்தார். நான் சிரித்துவிட்டேன். சின்ன வயதில், இரும்புத் தாதுக்குப் பேர்போன நம் கஞ்சமலை அடிவாரத்து ஓடையில், ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்த காந்தத்தை நூலில் கட்டி இழுத்துக்கொண்டு திரிந்தவன் நான், இரும்பாலைக்காரரான உங்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் காந்தத்தை வாங்கி, ஜீப் ஹாரன் அடிக்கும் வரை நானே இழுத்துக்கொண்டிருந்தேன்.