வளர்ச்சிப் பொருளாதார ஆய்வுக்கு நிதி எங்கே கிடைக்கும்?

ஏழை நாடுகளின் பொருளாதாரத்தை ஆராயும் இந்தத் துறையில் முனைவர் பட்ட மாணவருக்குக் கள ஆய்வுக்கு நிதி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். அதைப் படித்ததும் என் இரண்டாம் ஆண்டுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் எழுதியிருந்த நிலைமை இதுதான்: முனைவர் பட்ட ஆய்வு, சிறு தொழில்களுக்குக் கடன் ஏன் போய்ச் சேருவதில்லை என்ற கேள்வி, களத்தில் இறங்க ஆசை, கையில் பணமில்லை, நெறியாளருக்கும் பெரிய இடங்களில் பழக்கமில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு பெரிய நிதிக்கு முழு விண்ணப்பம் எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது: விண்ணப்பிக்கும் தகுதி எனக்கு இல்லையாம். திட்டத்தை யாரும் படிக்கும் கட்டமே வரவில்லை. உங்களுக்கும் அப்படி மூன்று மாதம் போய்விடக் கூடாது என்றுதான் நீளமாக எழுதுகிறேன்.

தலைப்பு பொருந்துகிறதா, எவ்வளவு தருகிறார்கள் என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். யார் விண்ணப்பிக்கலாம் என்ற பத்தியை முதலில் படியுங்கள். இந்தத் துறையில் பல நிதிகள் ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே திறக்கும். 2003இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஜே-பால் என்ற வறுமை ஒழிப்பு ஆய்வு மையம் இதற்குத் தெளிவான உதாரணம். அதன் நிதித் திட்டங்களுக்குப் பெரும்பாலும் அதனுடன் இணைந்த பேராசிரியர்களும் அழைக்கப்பட்ட ஆய்வாளர்களும்தான் விண்ணப்பிக்க முடியும். மாணவர் என்றால், உங்கள் ஆய்வேட்டுக் குழுவில் அப்படி இணைந்த ஒருவர் இருக்க வேண்டும். இருந்தால் பயணத்துக்கும் முன்னோட்ட ஆய்வுக்கும் சிறு தொகை கேட்கலாம். அந்தப் பேராசிரியர்களின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேட ஒரு மணி நேரம் ஆகாது. வருமானம் குறைந்த நாடுகளில் இருந்தே வேலை செய்யும் ஆய்வாளர்களுக்குச் சில திட்டங்களில் தனி வழியும் உண்டு, அதையும் பாருங்கள். வளர்ச்சிப் பொருளாதார ஆய்வுக்கென்றே இருக்கும் வைஸ் ஃபண்டும் குறிப்பிட்ட சில பல்கலைக்கழகங்களுக்கு மட்டும்தான்.

இது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம். ஆய்வு நடப்பது ஏழை நாடுகளில். ஆனால் பணம் கேட்கும் உரிமை எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தோம் என்பதைப் பொறுத்து அமைந்துவிடுகிறது. அந்த நாடுகளிலேயே பிறந்து, அங்கேயே படித்து, களத்தை உள்ளங்கை போல அறிந்தவர்களுக்குத்தான் கதவு குறைவு.

அதனால் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் திறந்திருக்கும் கதவுகளை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைப்புக்கு மிக நெருக்கமானவை சிஇபிஆர் என்ற ஐரோப்பியப் பொருளாதார ஆய்வாளர்களின் வலையமைப்பு நடத்தும் இரண்டு திட்டங்கள். குறைந்த வருமான நாடுகளின் தனியார் தொழில்கள் பற்றியது பிஇடிஎல். அதன் ஆரம்பக்கட்ட ஆய்வு நல்கை 40,000 பவுண்டு வரை போகும். இன்னொன்று ஸ்டெக், விவசாயத்திலிருந்து தொழில், சேவை என்று பொருளாதாரத்தின் கட்டமைப்பு மாறுவது பற்றியது. அதில் முனைவர் பட்ட மாணவர்களுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் ஆக்ஸ்ஃபோர்டும் சேர்ந்து 2008இல் தொடங்கிய ஐஜிசி என்ற ஆய்வு மையமும் உண்டு. ஆனால் அங்கே, உங்கள் முடிவு அந்த நாட்டில் எந்தத் துறையின் எந்தத் தீர்மானத்துக்கு உதவும் என்று சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவாக எழுதினால் எடுபடாது.

வளரும் நாட்டு ஆய்வாளர் என்றால் கென்யாவின் நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட, வளரும் நாட்டு ஆய்வாளர்களுக்கு உதவும் பெப் அமைப்பைக் கட்டாயம் பாருங்கள். பணத்தோடு பயிற்சியும் வழிகாட்டியும் தருகிறார்கள். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு அதே நகரத்தில் 1988 முதல் ஏஇஆர்சி என்ற ஆப்பிரிக்கப் பொருளாதார ஆய்வுக் கூட்டமைப்பு இருக்கிறது. ஹெல்சின்கியில் இருக்கும் ஐ.நா. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனமான யுஎன்யு-வைடர் முனைவர் பட்ட மாணவர்களை மூன்று மாதம் அழைத்து, பயணச் செலவும் உதவித்தொகையும் தருகிறது. அது களத்துக்கான பணமில்லை. ஆனாலும் எழுதி முடிக்க நல்ல இடம், பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய ஆட்களும் அங்கே அறிமுகமாவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் சுற்றும் பழைய பட்டியல்களை நம்பாதீர்கள். 2025 ஜூலை 1ஆம் தேதியோடு அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் ஒரு தனி அமைப்பாகச் செயல்படுவதை நிறுத்திவிட்டது. அதோடு அதன் நிதிகளும் போயின. பிரிட்டன் பிற நாடுகளின் வளர்ச்சிக்குத் தரும் உதவியை நாட்டு வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. நான் மேலே சொன்னவற்றில் ஐஜிசி, பிஇடிஎல், ஸ்டெக் மூன்றுமே பிரிட்டன் அரசின் பணத்தை நம்பியவை. அழைப்பு இப்போது திறந்திருக்கிறதா என்று அவரவர் தளத்தில் பார்த்த பிறகே எழுத உட்காருங்கள்.

சரி, இனி விண்ணப்பம். பணம் கேட்பதற்கு முன்பே இலவசத் தரவை வைத்து ஓர் அத்தியாயம் எழுதிவிடுங்கள் என்பேன். பல நாட்டு நிறுவனங்களிடம் கேட்டு உலக வங்கி எடுக்கும் என்டர்பிரைஸ் சர்வேக்களைப் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடன் கேட்டார்களா, கிடைத்ததா, பிணை எவ்வளவு கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அதன் முதன்மைக் கணக்கெடுப்பு, குறைந்தது ஐந்து பேர் வேலை செய்யும் முறையாகப் பதிவான நிறுவனங்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. தனியாளாகக் கடை நடத்துபவர் அதில் வரமாட்டார். உங்கள் கள ஆய்வு ஏன் தேவை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் கிடைக்காது. இருக்கிற தரவை அலசிவிட்டேன், இந்த ஆட்கள் அதில் இல்லை, அவர்களைத் தேடிப் போகத்தான் பணம் கேட்கிறேன் என்று உங்களால் சொல்ல முடியும்.

அடுத்து, சிறு தொகையிலிருந்து தொடங்குங்கள். எனக்கு முதலில் கிடைத்தது என் துறையே கொடுத்த ஒரு சின்னத் தொகைதான். அதை வைத்து அறுபது கடைக்காரர்களிடம் கேள்விப் படிவத்தைச் சோதித்துப் பார்த்தேன். "கடன் இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இல்லை என்றார்கள். பேச்சுக் கொடுத்தபோது மைத்துனரிடம் வாங்கியது, மொத்த வியாபாரியிடம் பின்னால் தருவதாகச் சொல்லி எடுத்த சரக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவர்களைப் பொறுத்தவரை அதெல்லாம் கடனே இல்லை. கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேட்டதும் பதில்கள் மாறிவிட்டன. அடுத்த விண்ணப்பத்தில் இதை ஒரு பத்தியாக எழுதினேன். மதிப்பீட்டாளர்கள் இருவருமே அந்தப் பத்தியைத்தான் பாராட்டியிருந்தார்கள், நல்கையும் கிடைத்தது.

பட்ஜெட்டைக் குறைத்துக் காட்டாதீர்கள். குறைவாகக் கேட்டால் எளிதில் கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் களப்பணியாளர் கூலி, போக்குவரத்து, மொழிபெயர்ப்பு, ஆளில்லாமல் திரும்பிப் போய் மறுபடி வருவது, இதெல்லாம் எவ்வளவு ஆகும் என்று படிப்பவருக்குத் தெரியும். நிர்வாகம், கட்டடம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகம் பிடித்துக்கொள்ளும் மேல்செலவுப் பங்கையும் மறக்க வேண்டாம். பல அறக்கட்டளைகள் அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன; கேட்ஸ் ஃபவுண்டேஷன் பல்கலைக்கழகங்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் தராது. உங்கள் பல்கலைக்கழகம் அதற்கு ஒத்துக்கொள்ளுமா, வெளிநாட்டுப் பணத்தை வாங்க அதற்கு அனுமதி இருக்கிறதா, கையெழுத்து போடுவது யார் என்று இப்போதே விசாரியுங்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் இதைக் கேட்கப் போய் விண்ணப்பமே நின்றுபோன நண்பர்கள் எனக்கு உண்டு. மக்களிடம் ஆய்வு நடத்தும் முறை சரிதானா என்று பார்க்கும் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் மாதக்கணக்கில் இழுக்கும்.

களத்தில் உங்களுக்கு உதவும் வங்கி போன்ற கூட்டாளி நிறுவனத்தின் கடிதம் வேண்டுமென்றால் "ஆதரவு தருகிறோம்" என்ற ஒற்றை வரியோடு வாங்கி வராதீர்கள். எத்தனை கிளைகளில் அனுமதிப்பார்கள், எந்தப் பதிவேடுகளைக் காட்டுவார்கள், எந்த மாதத்திலிருந்து என்று எழுதி வாங்குங்கள். வாசகத்தை நீங்களே தயார் செய்துகொண்டு போனால் அவர்களுக்கும் சுலபம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதலில் என்டர்பிரைஸ் சர்வே அத்தியாயத்தை முடிப்பேன், துறையில் கேட்டு முன்னோட்டத்தை நடத்துவேன், பிறகு ஸ்டெக்கின் மாணவர் பிரிவில் அழைப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். பிஇடிஎல்லுக்குப் போவதென்றால் கள அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டு போவேன்.