பையன் அழுதால் அழட்டும்: ஆண் பிள்ளை வளர்ப்பு, கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. தெருக் கிரிக்கெட்டில் அவுட் ஆனால்கூட அழுதுகொண்டு வருகிறான். "பொட்டப்புள்ள மாதிரி அழாதே" என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: அழ விடுங்கள். அதட்டினால் அழுகைதான் நிற்கும், வருத்தம் உள்ளேயே கிடக்கும். ஆண் பிள்ளை கோபப்பட்டால் "அப்பனைப் போலவே ரோஷக்காரன்" என்று பெருமைப்படுகிறோம், அழுதால் கேலி செய்கிறோம். பிறகு பயம், அவமானம், ஏமாற்றம் எது வந்தாலும் கோபமாகவே காட்டப் பழகிவிடுகிறான்.

பக்கத்தில் உட்காருங்கள். "அவுட் ஆனது கஷ்டமா இருக்கா, இல்ல பசங்க சிரிச்சது கஷ்டமா இருக்கா?" என்று கேளுங்கள். தனக்கு எது வலிக்கிறது என்று யோசிக்க ஆரம்பிப்பான். அப்புறம் முகம் கழுவிவிட்டு, மறுபடியும் விளையாட அனுப்புங்கள். அழுததற்காக அவுட் இல்லை என்று ஆகிவிடாது, அதுவும் அவனுக்குத் தெரியட்டும். மாமியாரிடம் பையன் எதிரில் வாதம் வேண்டாம். "அவன் அழுதா என்கிட்ட அனுப்பிடுங்க அத்தை" என்று தனியாகச் சொல்லுங்கள், போதும்.

இது சின்ன விஷயமில்லை. 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 71 பேருக்கு மேல் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். கடன், குடி, நோய், குடும்பப் பிரச்சினை எனக் காரணங்கள் பல. ஆனால் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவனுக்கு உதவி வந்து சேர்வது கடினம்.

கேள்வி: பத்து வயது மகன் தோசை ஊற்ற ஆசைப்படுகிறான். இவன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

பதில்: பக்கத்தில் நின்று ஊற்றச் சொல்லிக்கொடுங்கள், தட்டையும் கழுவட்டும். 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஒரு நாளில் வீட்டுவேலை செய்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்கள் 81 பேர். ஒன்று மட்டும் பாருங்கள்: அதே வேலைக்கு அக்காவுக்குக் கிடைக்காத கைத்தட்டல் இவனுக்கும் வேண்டாம்.

கேள்வி: தப்பான தொடுதல் பற்றிப் பையனுக்கும் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம். மத்திய அரசின் 2007 ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் பையன்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அவர்களையும் காக்கிறது. "என்ன நடந்தாலும் உன் மேல் தப்பில்லை" என்று இப்போதே சொல்லி வையுங்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகன் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லப்பா" என்கிறான்.

பதில்: எதிரே உட்காரவைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். வண்டியில் கூட்டிப்போகும்போது பேசுங்கள். முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள்: "இன்னிக்கு மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார், மனசே சரியில்ல." அப்பாவுக்கும் இப்படி வரும், சொல்லலாம் என்று அவனுக்குப் புரியும். உடனே பேசிவிட மாட்டான், விடாமல் செய்யுங்கள். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு இரண்டு வாரம் ஒதுங்கியே இருந்தால் காத்திருக்க வேண்டாம். சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள்.