பாட்டி "நல்லா இருக்கு"ன்னு சொன்னா நம்பலாமா? விஆர் ஆப்பை வயசானவங்ககிட்ட டெஸ்ட் பண்றது எப்பிடி

நாகர்கோவில்ல இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. பத்மநாபபுரம் அரண்மனையோட செங்குத்தான மரப்படி ஏற முடியாத வயசானவங்க வீட்ல உக்காந்தே சுத்திப் பாக்கணும்னு இவங்க டீம் ஒரு விஆர் ஆப் (தலைல ஹெட்செட் மாட்டினா அந்த எடத்துக்குள்ளயே இருக்கிற மாதிரி காட்டுறது) செஞ்சிருக்கு, கூடவே தமிழ்ல கேட்டா தமிழ்லயே பதில் சொல்ற ஒரு ஏஐ கைடு. காலேஜ்ல 20 பேருக்கு காட்டினாங்களாம், எல்லாரும் சூப்பர்னாங்களாம், பயன்படுத்த எவ்வளவு சுலபம்னு கேக்குற எஸ்யூஎஸ் கேள்வித்தாள்ல 100க்கு 84 ஸ்கோர். அப்பறம் தக்கலைல பாட்டி வீட்டுக்கு கொண்டு போனா பாட்டி ரெண்டே நிமிஷத்துல ஹெட்செட்ட கழட்டிட்டாங்க, பக்கத்து வீட்டு தாத்தா கேட்டது ஏஐக்கு புரியவே இல்ல, ஆனா ரெண்டு பேருமே "நல்லா இருக்கு மக்களே"ன்னுதான் சொல்லியிருக்காங்க. "தப்பு டிசைன்லயா, டெஸ்ட் பண்ணின விதத்துலயா, ப்ராஜெக்ட் ரிவியூக்கு முன்னாடி என்ன செய்யலாம்?"

ரெண்டுலயும் இருக்கும்மா, ஆனா டெஸ்ட்ட முதல்ல சரி பண்ணுங்க, அது சரியில்லாம டிசைன்ல எத மாத்தணும்னே தெரியாது.

பாட்டி சொன்ன "நல்லா இருக்கு" உங்க மேல உள்ள பாசம், ஆப்புக்கு குடுத்த மார்க் இல்ல. இது நம்ம ஊர் குணம் மட்டும்னு நினைக்காதீங்க. 2012ல வெளிவந்த ஒரு ஆய்வுல பெங்களூர்ல 450 பேட்டி எடுத்தாங்க, ஒரே மாதிரி ரெண்டு பொருள காட்டி, ஒண்ணு பேட்டி எடுக்கிறவரே செஞ்சதுன்னு நம்பவச்சா அதத்தான் சனம் சுமார் 2.5 மடங்கு அதிகமா தேர்ந்தெடுத்துச்சு, பேட்டி எடுக்கிறவர் மொழிபெயர்ப்பாளரோட வந்த வெளிநாட்டுக்காரர்னா 5 மடங்கு. வேணும்னே தரத்த கொறச்சு காட்டினப்பவும் அவர் பொருளத்தான் நல்லதுன்னாங்க. பேத்தி நீங்களே எதிர்ல உக்காந்து "எப்பிடி இருக்கு பாட்டி"ன்னு கேட்டா வேற என்ன பதில் வரும்?

அதனால டெஸ்ட் நடத்துறது உங்க டீம் ஆளா இருக்க வேண்டாம், வேற டிபார்ட்மென்ட்ல இருந்து பெரியவங்ககிட்ட பொறுமையா பேசத் தெரிஞ்ச ஒருத்தர கூப்பிடுங்க, யாரு செஞ்சதுன்னு அவர் கடைசில சொன்னா போதும். "பிடிச்சிருக்கா"ன்னு கேக்கவே கேக்காதீங்க, வேலை குடுங்க. "தாய் கொட்டாரத்துல இருந்து மந்திரசாலைக்கு போங்க", "நவராத்திரி மண்டபம் எதுல கட்டினதுன்னு கைடுகிட்ட கேட்டுப் பாருங்க"ன்னு அரண்மனைக்குள்ள இருக்கிற எடங்கள வச்சு, இவ்வளவுதான். போக முடிஞ்சுதா, எங்க நின்னு முழிச்சாங்க, எப்ப கை ஹெட்செட்ட தேடிப் போச்சு, எத்தன தடவ உதவி கேட்டாங்க, இதெல்லாம் எழுதுங்க.

பாடத்துல மனசுல தோணுறத சத்தமா சொல்லிக்கிட்டே செய்ய வைக்கிற முறை படிச்சிருப்பீங்க, உங்க ஆப்ல அது வேலைக்கு ஆகாது, ஏன்னா அவங்க முணுமுணுக்குறத எல்லாம் குரல் கைடு கேள்வின்னு எடுத்துக்கிட்டு நடுவுல பதில் சொல்ல ஆரம்பிச்சிரும். ஹெட்செட்ல தெரியிறத ரெக்கார்ட் பண்ணி வைங்க, முடிஞ்சதும் டிவில போட்டு காட்டி "இங்க கொஞ்ச நேரம் நின்னீங்களே, என்ன நினைச்சீங்க"ன்னு கேளுங்க, நிறைய வரும்.

எஸ்யூஎஸ் கெட்டது இல்ல. ஜான் புரூக் 1986ல உண்டாக்கின 10 வரி, சராசரி 68ன்னு எடுத்துக்குவாங்க, 84 நல்ல ஸ்கோர்தான் (சதவீதம்னு மட்டும் ரிப்போர்ட்ல எழுதிராதீங்க). ஆனா அது கேக்குறது பயன்படுத்த சுலபமாங்கிறத மட்டும், வயித்த பெரட்டுறதும் ஏஐ தப்பு தப்பா சொல்றதும் அதுல வராது. அந்த 10 வரில பாதி எதிர்மறை வாக்கியம் வேற, பெரியவங்களுக்கு ஒவ்வொண்ணா வாசிச்சு காட்டணும், இல்லன்னா "ஆமா ஆமா"ன்னு எல்லாத்துக்கும் ஒரே பதில் வரும்.

இனி தலைசுத்தல். பேச்சிப்பாறை ரோட்டு வளைவுல பஸ்ல உக்காந்து போன் பாத்தா என்ன ஆகும்னு தெரியும்ல, ஒடம்பு ஆடுது, கண்ணு ஆடலங்குது. விஆர்ல அது தலைகீழ், கண்ணு நடக்குது, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு நாம உக்காந்துதான் இருக்கோம்ங்குது. உங்க ஆப்ல கன்ட்ரோலர் குச்சிய தள்ளினா வழுக்கிக்கிட்டு போற மாதிரி வச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன், முதல்ல அத எடுங்க. ஒரு எடத்துல இருந்து அடுத்த எடத்துக்கு லேசா இருட்டாக்கி கொண்டு போய் விடுங்க, திரும்புறதும் கொஞ்சம் கொஞ்சமா சுத்தாம ஒரு வெட்டா திரும்பட்டும். மரப்படில கேமராவ ஏத்தவே ஏத்தாதீங்க. இப்பிடி தாவித் தாவி போனா எங்க நிக்கிறோம்னு தெரியாம போகும், அதுக்கு கைடு "இப்ப மந்திரசாலைக்குள்ள வந்திருக்கோம், பின்னாடி பாத்தா வந்த வாசல் தெரியும்"னு ஒவ்வொரு தடவையும் சொல்லணும்.

இன்னொண்ணு, அந்த கறுப்பு தரை. கண்ணாடி மாதிரி மின்னுற அரண்மனைத் தரைய அப்பிடியே காட்டணும்னு தலை அசையிற அசைவுக்கெல்லாம் அப்பப்ப கணக்கு போட்டு காட்டுற நேரலை பிரதிபலிப்பு போட்டிருந்தீங்கன்னா, வயர் இல்லாத ஹெட்செட் அத தாங்குறது கஷ்டம், ஒரு நொடிக்கு காட்டுற ஃப்ரேம் 72க்கு கீழ எறங்கி தலைய திருப்பும்போது படம் இழுபடும், பாட்டி கழட்டினது அந்த ரூம்லயான்னு ரெக்கார்டிங்க பாருங்க. பிரதிபலிப்ப முன்கூட்டியே கணக்கு போட்டு தரை மேல போடுற படத்துலயே (டெக்ஸ்ச்சர்) ஒட்டிருங்க, பாக்க கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்ல, தலை சுத்தாம இருக்கிறது முக்கியம். உக்காந்து பாக்கிறவங்களுக்கு கண் உயரம் சரியா இருக்கா, மூக்குக்கண்ணாடி மேல ஹெட்செட் மாட்டுதா, கொண்டைல பட்டி இடிக்குதா, இதெல்லாமும் டெஸ்ட்தான். சுத்துற நாற்காலி வேண்டாம், கை வச்ச நாலு கால் நாற்காலி போடுங்க.

தலைசுத்தல அளக்க எஸ்எஸ்க்யூன்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 1993ல விமான சிமுலேட்டர் பயிற்சிக்காக வந்தது, 16 அறிகுறி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3. குமட்டுதா, கண் வலிக்குதான்னு அந்த லிஸ்ட முன்கூட்டியே வாசிச்சு காட்டினா அப்பறம் குடுக்கிற மார்க்கும் கூடும்னு ஆய்வுல பாத்திருக்காங்க, அதனால முன்னாடி "இன்னைக்கு ஒடம்பு எப்பிடி, காலைல சாப்ட்டீங்களா"ங்கிறதோட நிறுத்திக்கிட்டு லிஸ்ட்ட பின்னாடி கேளுங்க. ஓடுற நேரத்துல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ "தலை, வயிறு எப்பிடி இருக்கு, பத்துல எவ்வளவு"ன்னு ஒரே கேள்வி போதும். முடிஞ்சு அரை மணி கழிச்சு திரும்ப கேளுங்க, அதுக்கு முன்னாடி யாரையும் ஸ்கூட்டர் எடுக்க விடாதீங்க.

ஏஐ கைடுல மூணு விஷயம் தனித்தனி, மாத்தி மாத்தி குழப்பிக்காதீங்க: பெரியவங்க சொன்னது ஏஐ காதுல சரியா விழுந்துச்சா, அவங்க கேட்டது என்னன்னு அதுக்கு புரிஞ்சுதா, அது சொன்ன பதில் உண்மையா. தாத்தா கேட்டத ரெக்கார்ட்ல கேட்டு அப்பிடியே எழுதி, ஏஐ எழுத்துல ஆக்கினதோட ஒப்பிட்டுப் பாருங்க. "இஞ்ச யாரு கெடந்து ஒறங்குனா"ன்னு கேட்டத அது வேற என்னமோன்னு எழுதிருந்தா கோளாறு முதல் படிலயே இருக்கு, பின்னாடி எவ்வளவு பெரிய மாடல் போட்டும் பிரயோஜனம் இல்ல. விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், குளச்சல் கடற்கரைன்னு பேச்சு மாறுது, மூணு பக்கத்து பெரியவங்க குரலும் உங்க டெஸ்ட்ல இருக்கணும். அவங்க என்னதான் கேப்பாங்கன்னு தெரிஞ்சுக்க ஏஐய அணைச்சிட்டு, உங்கள்ல ஒருத்தர் பக்கத்து ரூம்ல இருந்து அதே குரல்ல பதில் டைப் பண்ணுங்க, முடிஞ்சதும் விஷயத்த அவங்ககிட்ட சொல்லிருங்க. கோடிங்க தொடாமலே கேள்விப் பட்டியல் கிடைச்சிரும்.

உண்மைக்கு நீங்களே ஒரு கேள்வித்தாள் போடுங்க. அரண்மனை இருக்கிறது தமிழ்நாட்டுல, பராமரிக்கிறது கேரள தொல்லியல் துறை, இதுல பல மாடல் சறுக்கும். குளச்சல் போர் 1741, திருவிதாங்கூரோட தலைநகர் பத்மநாபபுரத்துல இருந்து திருவனந்தபுரத்துக்கு மாறினது 1795, இதெல்லாம் நேர் கேள்வி. கூடவே பதிலே இல்லாத கேள்வி கொஞ்சம், "பூட்டின ரூம்ல எத்தன கிலோ தங்கம் இருக்கு"ங்கிற மாதிரி. அதுக்கு "தெரியல"ன்னு சொன்னா முழு மார்க், கதை விட்டா பூஜ்யம். 2019ல மைக்ரோசாஃப்ட் ஆட்கள் ஏஐ டிசைனுக்குன்னு வெளியிட்ட 18 வழிகாட்டுதல்ல முதல் ரெண்டே இதுதான், எத செய்ய முடியும், எவ்வளவு சரியா செய்யும்னு ஆரம்பத்துலயே சொல்லிரணும். வயசானவங்க பேரன் பேத்திகிட்ட இத திரும்ப சொல்லுவாங்க, ஒரு தப்பு தகவல் வீடு முழுக்க பரவும், அதனாலதான் இதுல இவ்வளவு கறாரா இருக்கச் சொல்றேன்.

எத்தன பேர்கிட்ட டெஸ்ட் பண்ணினீங்கன்னு வைவால (வாய்மொழித் தேர்வு) கேப்பாங்க. கோளாற கண்டுபிடிக்க 5 பேர், திருத்திட்டு வேற 5 பேர், இது நீல்சனும் லேண்டாவரும்ங்கிற ஆய்வாளர்கள் 1993ல போட்ட கணக்க வச்சு வந்த பழக்கம். அந்த எண்ணிக்கைல சராசரி ஸ்கோர் போட்டு பெருமைப்பட முடியாது, மாணவர்களோட ஸ்கோர்ல பெரியவங்க ஸ்கோர கலக்கவும் கூடாது. எத்தனாவது நிமிஷத்துல எந்த ரூம்ல நிறுத்தினாங்கன்னு ஆளுக்கு ஒரு வரியா எழுதுங்க, பாதில கழட்டினவங்கள கணக்குல இருந்து தூக்காதீங்க, அவங்கதான் உங்க முக்கியமான ரிசல்ட். ஹெட்செட்ல தெரியிறது வீட்டு டிவிலயும் ஓடட்டும், கூட இருக்கிற பிள்ளைங்க பேச்சுக் குடுப்பாங்க, பெரியவங்க உள்ள தனியா மாட்டிக்கிட்ட மாதிரி இருக்காது.

போறதுக்கு முன்னாடி: பேஸ்மேக்கர் வச்சவங்க, வலிப்பு வந்தவங்க, அடிக்கடி தலைசுத்தி விழுறவங்க, இவங்கள மாட்ட வைக்கவே வேண்டாம். குரல ரெக்கார்ட் பண்றோம், எதுக்கு, எப்ப அழிப்போம்னு எளிமையா சொல்லி சம்மதம் வாங்குங்க, 2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்தோட போக்கும் அதுதான், 18 வயசுக்கு கீழ உள்ளவங்கன்னா அப்பா அம்மா சம்மதம். எப்ப வேணும்னாலும் கழட்டலாம்னு வாயால சொன்னா மட்டும் போதாது, எப்பிடி கழட்டணும்னு ஆப்ப ஓட விடுறதுக்கு முன்னாடியே ஒரு தடவ அவங்க கையாலயே கழட்ட வச்சு காட்டுங்க.