முதல் நாள் என்ன கேட்பார்கள்?

கேள்வி: திருமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 36. என் தகப்பனார் காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. அன்று முதல் சரியான தூக்கம் இல்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடத்துக் கை நடுங்குகிறது. இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தில் குறை ஒன்றும் இல்லை, ஒரு சைக்காலஜிஸ்டைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். மதுரை கே.கே. நகரில் தனியாக மையம் வைத்திருக்கும் ஒருவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்களா, பேச வாய் வராமல் அழுதுவிட்டால் என்ன செய்வது, ஊருக்குள் தெரிந்துவிடுமா என்றெல்லாம் பயமாக இருக்கிறது. மாமியாரோ, பாண்டி கோயிலுக்குப் போய்த் திருநீறு போட்டு வந்தால் சரியாகிவிடும் என்கிறார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அழுதுவிடுவோமோ என்ற பயத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் இந்தப் பணியில் இருக்கும் இத்தனை ஆண்டுகளில், "எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை" என்று சொல்லாமல் பேசத் தொடங்கியவர்கள் மிகக் குறைவு. உங்களைப் போலவே தகப்பனாரை இழந்து, பெரியார் நிலையத்தில் பஸ் இறங்கி என்னிடம் வந்த ஒரு பெண், முதல் இருபது நிமிடமும் கையிலிருந்த டிக்கெட்டை நான்காக மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தார். நான் வற்புறுத்தவில்லை. டிக்கெட் மடிப்பில் கிழிந்தபோது, "எங்கப்பா இருந்தா, இறங்குற வரைக்கும் டிக்கெட்டைப் பத்திரமா வைம்மான்னு சொல்வாரு" என்றார். அதற்குப் பிறகு அழுகைதான். அன்றைய நேரம் அதிலேயே கழிந்தது, வீணாகவில்லை. அவர் சம்மதித்ததால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

பொதுவாக முதல் சந்திப்பு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும். இதில் சிகிச்சை என்று பெரிதாக எதுவும் நடக்காது. உங்கள் கதையைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேலையே பெரும்பகுதி. தூக்கம், பசி, மாதவிலக்கு, குடும்பத்தில் யாருக்காவது இதுபோல் இருந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், படபடப்பு எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேட்பார்கள். கடந்த இரண்டு வாரங்களில் மனநிலை எப்படி இருந்தது என்று ஒரு படிவத்தையும் நிரப்பச் சொல்லலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா என்ற கேள்வியும் வரும். அது எல்லோரிடமும் கேட்கப்படுவது. உங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்க வேண்டாம். அப்படி ஓர் எண்ணம் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சந்திப்புக்கு முன்பே அது தீவிரமானால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மாத்திரையைப் பற்றிய பயம் தேவையில்லை. சைக்காலஜிஸ்ட் எனப்படும் உளவியலாளர் மருந்து எழுதித் தர மாட்டார். அது மனநல மருத்துவரின் வேலை. மருந்தும் தேவை என்று தோன்றினால் உங்களை அவரிடம் அனுப்புவார், அப்போதும் முடிவு உங்களுடையதே. ஆனால் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்: தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தாகிவிட்டதா? தைராய்டு கூடினாலும், இரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். பார்க்கவில்லையென்றால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நான் மிகவும் கவலைப்படும் விஷயம் வேறு. "கவுன்சிலிங்" என்று போர்டு மாட்டியவர்கள் எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். நீங்கள் பார்க்கப்போகிறவர் மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) என்றால், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் அவரிடம் இருக்க வேண்டும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார். கட்டணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். வாரம் ஒரு முறை என்று சில மாதங்கள் போக வேண்டியிருக்கலாம் என்பதால், மாதச் செலவாகக் கணக்கிட்டுப் பாருங்கள். தாங்காது என்று தோன்றினால், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் கட்டணம் கிடையாது.

ஊருக்குள் தெரிந்துவிடுமா என்றால், நீங்கள் பேசுவதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அவருடைய தொழில் கடமை. மனநல சிகிச்சையில் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. உங்கள் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையிலும், நீதிமன்றம் கேட்கும்போதும் தேவையான அளவுக்கு விலக்கு உண்டு. கணவரோ மாமியாரோ போன் செய்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று முதல் நாளே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மாமியாரோடு இதற்காகச் சண்டை போட வேண்டாம். பாண்டி கோயிலுக்கும் போய் வாருங்கள், திருநீறும் வாங்கிக்கொள்ளுங்கள், கே.கே. நகருக்குப் போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தகப்பனாரின் தலைத்திவசம் இன்னும் நான்கு மாதங்களில் வருவதையும் உளவியலாளரிடம் சொல்லுங்கள். அந்த நாள் நெருங்கும்போது பலருக்குத் தூக்கம் மறுபடி கெடுவதுண்டு. முன்கூட்டியே தெரிந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டமிடுவார். முதல் சந்திப்பு முடிந்த அன்று மனம் பாரமாகத்தான் இருக்கும். பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிடுங்கள், மாலை ட்யூஷனும் வேண்டாம்.

கேள்வி: உளவியலாளரிடம் மூன்று முறை போய்விட்டேன், எந்த மாற்றமும் தெரியவில்லை. வேறொருவரிடம் மாறலாமா?
— ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் அதற்கு முன், இப்போது சொன்னதையே அவரிடம் நேரில் சொல்லிப் பாருங்கள். நல்ல உளவியலாளர் கோபப்பட மாட்டார். எதை நோக்கிப் போகிறோம், எத்தனை வாரத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்று விளக்குவார். தூக்க நேரத்தை எழுதி வருவது போன்ற வீட்டுப் பயிற்சிகளைக் கொடுத்திருந்தால், அவற்றை உண்மையில் செய்தோமா என்றும் யோசியுங்கள். மாறாக, சாதி, மதம் பேசி அறிவுரை சொல்கிறார், அடுத்தவர் கதையைப் பெயரோடு சொல்கிறார், இருபது சந்திப்புக்கான பணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்கிறார் என்றால் நான்காவது முறை போக வேண்டியதே இல்லை. எப்படி விலகினாலும், இதுவரை பேசியதன் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியவரிடம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லும் சிரமம் குறையும்.