நாரிட்ட அலுமினியத்துக்கு 8 மணி நேர ஏஜிங் சரியா?

தக்கலை, எம்.இ. மாணவர்: சார், 6061 அலுமினியத்தில் (மெக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த கலவை) அலுமினா குறுநார் 15 சதவீதம். 530 டிகிரியில் ஒரு மணி நேரம், தண்ணீரில் குவென்ச் (சட்டெனக் குளிர்விப்பு), 175 டிகிரியில் 8 மணி நேரம் ஏஜிங் (மிதமான சூட்டில் வைத்துக் கடினமாக்கல்). நாரில்லாத துண்டைவிட ஹார்ட்னெஸ் பெரிதாகக் கூடவில்லையே?

ஹார்ட்னெஸ் உச்சத்தைத் தாண்டிவிட்டிருப்பீர்கள். ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு அலுமினியம் சுமார் 23 மைக்ரான் சுருங்கும். அலுமினா 8 மைக்ரான்தான். 500 டிகிரி இறங்கும்போது இந்த வித்தியாசம் முக்கால் சதவீதம். நார் பிடித்து நிறுத்துவதால் சுற்றியுள்ள உலோகம் நெளிந்து, நாரை ஒட்டி டிஸ்லொகேஷன்கள் (அணு வரிசையில் வரும் பிசகுகள்) குவிகின்றன. உலோகத்தைக் கடினமாக்கும் மெக்னீசியம்–சிலிக்கன் வீழ்படிவுகள் (உலோகத்துக்குள் பிரிந்து உருவாகும் நுண்துகள்கள்) அவற்றின் மேல் சீக்கிரம் முளைக்கும், சீக்கிரம் பருத்தும் போகும். பருத்தால் ஹார்ட்னெஸ் இறங்கும். 8 மணி நேரம் என்பது நாரில்லாத 6061-க்கான கணக்கு.

ஒரே வார்ப்பு முறையில் செய்த நாருள்ளதும் இல்லாததுமாகப் பத்துப் பத்துத் துண்டு வெட்டுங்கள். அரை, 1, 2, 3, 4, 6, 8, 12 மணியில் ஒவ்வொரு ஜோடியாக எடுத்து வரைபடம் போடுங்கள். மிச்சம் இரண்டு ஜோடி, குவென்ச் ஆனவுடன் அளக்க ஒன்று, கைவசம் ஒன்று. உச்சத்தை உச்சத்தோடுதான் ஒப்பிட வேண்டும். தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) துண்டைத் தொட்டிருக்கட்டும். ஃபர்னஸ் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

மார்த்தாண்டம்: இன்று குவென்ச், நாளை ஏஜிங் செய்யலாமா?

6061-இல் வேண்டாம் மக்களே. அறை வெப்பத்திலேயே அணுக்கள் சிறு கொத்துகளாகச் சேர்ந்துவிட்டால், பிறகு 175 டிகிரியில் கிடைக்கும் உச்சம் தாழ்ந்துவிடும். கரண்ட் போனால் துண்டுகளை ஃப்ரீசரில் வையுங்கள்.

கோணம், நாகர்கோவில்: மைக்ரோ விக்கர்ஸில் (நுண்ணிய வைர முனையால் குத்தி ஹார்ட்னெஸ் அளக்கும் முறை) ஒவ்வொரு குத்துக்கும் ஒரு எண் வருகிறது, அண்ணே.

முனை நார் மேல் விழுந்தால் ஏறும், நாரில்லாத இடத்தில் இறங்கும். மொத்தத் துண்டுக்குப் பிரினெல் (குண்டை அழுத்தித் தடத்தை அளக்கும் சோதனை) வையுங்கள்: 2.5 மி.மீ. குண்டு, 62.5 கிலோ, குறைந்தது ஐந்து தடம், தடங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே தட விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தூரம். மைக்ரோ விக்கர்ஸ் உலோகத்தின் ஏஜிங்கை மட்டும் பார்க்க. நாரிலிருந்து விலகிக் குத்துங்கள்.

குளச்சல்: வள்ளத்துப் பாகத்துக்குக் கார்பன் நார் போடலாமா?

கடல் பாகத்துக்கு வேண்டாம். உருகிய அலுமினியம் கார்பனோடு சேர்ந்து அலுமினியம் கார்பைடு ஆகும். அது ஈரத்தில் சிதையும். உப்புத் தண்ணீரில் கார்பனைத் தொட்ட அலுமினியம் மின்கலம்போல அரிக்கும்.

குலசேகரம்: ஏ356-இல் (வார்ப்புக்கான அலுமினியம்–சிலிக்கன் கலவை) அலுமினா–சிலிக்கா நார். எத்தனை மணி வைத்தாலும் ஹார்ட்னெஸ் ஏறவே இல்லை.

நாரிலும் பிரிஃபார்ம் பைண்டரிலும் (வார்ப்புக்கு முன் நார்களை ஒட்டி வடிவாக நிறுத்தும் பசை) உள்ள சிலிக்கா, மெக்னீசியத்தைத் தின்று ஸ்பைனல் (மெக்னீசியம்–அலுமினியம் ஆக்சைடு) ஆக்கிவிடுகிறது. ஏ356-இல் மெக்னீசியம் அரை சதவீதம்கூட இல்லை. அது போனால் வீழ்படிவுக்கு மிச்சமென்ன? அலுமினா அதிகமுள்ள நாருக்கு மாறி, பைண்டரைக் குறைத்து, உருகிய உலோகம் நாரோடு இருக்கும் நேரத்தையும் சுருக்குங்கள்.