ஊசின்னாலே மயக்கம் வருது, மிச்சத்தை விட்டுடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறேன். நாங்க குடியிருக்கற லைன் வீடுங்ககிட்ட ஒரு நாய் கால்ல கடிச்சிருச்சு. ஜிஹெச்-ல ரெண்டு கையிலயும் ஊசி போட்டாங்க, எந்திரிச்சதும் கண்ணு இருட்டி விழுந்துட்டேன். மூணாம் நாள் ஊசிக்கு போகல. தொப்புளை சுத்தி 14 ஊசி போடுவாங்கன்னு மாமியார் வேற சொல்றாங்க. வலியில்லாம போட வழி இருக்கா?

பதில்: தங்கச்சி, லெட்டர் வந்த அன்னைக்கே போன்ல சொன்னதுதான், உங்கள மாதிரி பயந்துகிட்டு இருக்கறவங்களுக்காக இங்கயும் எழுதறேன். ஊசிய மட்டும் விடவே கூடாது, வெறிநோய் வந்துட்டா காப்பாத்த மருந்து கிடையாது. நாள் தள்ளிப்போனதுக்காக மொதல்லருந்து ஆரம்பிக்க மாட்டாங்க, விட்ட இடத்துலருந்துதான் போடுவாங்க, அதனால தயங்காம போங்க.

மாமியார் சொல்றது பொய் இல்ல, முன்னாடி அப்படித்தான் போட்டாங்க. ஆட்டு மூளைலருந்து எடுத்த அந்த பழைய மருந்தை நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்லயே தயாரிச்சாங்க, அதெல்லாம் நிறுத்தி பல வருஷம் ஆச்சு. இப்ப தோலுக்குள்ள போடறது ஒரு கைக்கு 0.1 மில்லி, அவ்ளோதான்.

வலியும் மயக்கமும் வேற வேற. மயக்கம் பிரஷர் திடீர்னு இறங்கறதால வர்றது, அதனால வெறும் வயித்தோட போகாதீங்க, போனதும் நர்ஸம்மாகிட்ட "போன தடவை விழுந்துட்டேன்"னு சொல்லி படுத்துகிட்டே போட்டுக்கோங்க, தொடையையும் வயித்தையும் 15 செகண்ட் இறுக்கி அப்புறம் லூஸ் பண்ணுங்க, திரும்பத் திரும்ப செய்ங்க, ஆனா கை மட்டும் தொளதொளன்னு இருக்கணும். போட்டப்புறம் 15 நிமிஷமாவது எந்திரிக்காதீங்க.

நம்மூர் குளிருக்கு ஸ்வெட்டர், உள்ள ஃபுல் கை ஜாக்கெட்னு போட்டுட்டு வந்து அவசரத்துல தோள் வரைக்கும் சுருட்டுவாங்க, கையில கயிறு கட்டின மாதிரி ஆகிடும், நான் நர்ஸா இருந்தப்ப தினம் பாத்தது இது. அரை கை ஜாக்கெட் போட்டு, ஸ்வெட்டரை கழட்டிடுங்க. ஊசிய பாக்காதீங்க, கூட வந்தவங்ககிட்ட பேசிகிட்டே இருங்க, குத்தற நேரத்துல ஒரு தடவை இருமினாலும் வலி கொறைவா தெரியும். மரத்துப்போற க்ரீம் மெடிக்கல்ல கிடைக்கும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஒரு மணி நேரம் முன்னாடி தடவணும். முன்கூட்டியே பாராசிட்டமால் போட்டா குத்தற வலி கொறையாது, அது வேண்டாம்.

போட்ட இடத்துல சின்னதா தடிப்பு வரும், அது வந்தாதான் சரியா போட்டிருக்காங்கன்னு அர்த்தம், தேய்க்காதீங்க. அப்புறம் வலிச்சா ஈரத்துணி வைங்க. கடைசி ஊசி அதுக்கு முந்தின ஊசிலருந்து மூணு வாரம் தள்ளி வர்றதால காயம் ஆறிடுச்சேன்னு நெறைய பேர் விட்டுடறாங்க, அந்த தேதிய இன்னைக்கே காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.