ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) விருப்ப அளவுருக்கள் உள்ள குவெரியை ஒரே இடத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி இதுதான்: ஆர்டர் பட்டியல், ரிப்போர்ட், ஏபிஐ மூன்றுக்கும் ஒரே குவெரி வேண்டும். நிலை, தேதி, குறைந்தபட்சத் தொகை மூன்றும் சில சமயம் வரும், சில சமயம் வராது.

மூன்று அளவுருக்களுக்கு 8 சேர்க்கைகள் உண்டு. அத்தனைக்கும் இஃப்-எல்ஸ் எழுதத் தேவையில்லை. ஃபில்டர் போட்டதுமே ஜாங்கோ டேட்டாபேஸுக்குப் போவதில்லை. லூப்பில் சுற்றுவது, லிஸ்ட் ஆக்குவது போல முடிவு தேவைப்படும்போதுதான் எஸ்க்யூஎல் ஓடும். ஆகவே அளவுருவுக்கு ஒரு இஃப் வைத்து, வந்தால் மட்டும் ஃபில்டரைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஃபில்டர் ஒவ்வொரு முறையும் புதிய குவெரிசெட்டை (குவெரியை வைத்திருக்கும் ஜாங்கோ ஆப்ஜெக்ட்) தருகிறது. அதை அதே வேரியபிளில் திரும்பப் போடாவிட்டால் எரர் எதுவும் வராது, ஃபில்டர் மட்டும் காணாமல் போகும்.

இதை வியூவில் (கோரிக்கைக்குப் பதில் தரும் கோட்) எழுதாதீர்கள். குவெரிசெட்டிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து, அதில் மெத்தடாக வைத்து, மாடலில் 'ஆஸ்_மேனேஜர்' மூலம் இணையுங்கள். வாடிக்கையாளரின் ஆர்டர்கள் போன்ற ரிலேட்டட் மேனேஜரிலும் அதே மெத்தட் கிடைக்கும்.

எல்லா அளவுருக்களுக்கும் இயல்பு மதிப்பு 'நன்' (None, பைத்தானில் 'மதிப்பு இல்லை'). சோதிக்கும்போது 'இஸ் நாட் நன்' என்றே எழுதுங்கள். வெறும் 'இஃப் தொகை' என்றால் 0 தவறிவிடும். சோதிக்காமல் நன்னை நேராகக் கொடுத்தால் நிலை 'இஸ் நல்' என்று தேடப்படும். தொகையின் 'ஜிடிஇ' (அதற்குச் சமம் அல்லது மேல்) தேடல் வேல்யூ எரர் தரும். யூஆர்எல்லில் வருவதெல்லாம் ஸ்ட்ரிங் என்பதால் முதலில் ஃபார்ம் வழியாகச் சரிபாருங்கள். அங்கும் கவனம்: காலியாக விட்ட கேரக்டர் ஃபீல்டு வெற்று ஸ்ட்ரிங்கைத் தரும், டெசிமல் ஃபீல்டுதான் நன் தரும். வெற்று லிஸ்ட்டை 'இன்' தேடலுக்குக் கொடுத்தால் ஒரு வரிகூட வராது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்றுக்குப் பல உறவு (ஒரு ஆர்டரில் பல பொருட்கள் போல). 'இந்தப் பொருளை 5-க்கு மேல் வாங்கிய ஆர்டர்' என்பதை இரண்டு ஃபில்டர்களாகத் தொடுத்தால் இரண்டு ஜாயின் (டேபிள் இணைப்பு) உருவாகும்: அந்தப் பொருள் 1 மட்டும் இருந்து, வேறு பொருள் 10 இருக்கும் ஆர்டரும் உள்ளே வந்துவிடும். இப்படிப்பட்ட நிபந்தனைகளை ஒரு க்யூ ஆப்ஜெக்ட்டில் (நிபந்தனைகளைத் தொகுக்கும் ஜாங்கோவின் Q) சேர்த்து, கடைசியில் ஒரே ஃபில்டரில் கொடுங்கள். வெற்று க்யூவிலிருந்து தொடங்கினால் எந்த அளவுருவும் வராதபோதும் குவெரி சரியாக ஓடும். வரிகள் இரட்டித்தால் 'டிஸ்டிங்க்ட்' சேருங்கள்.

பக்கப் பிரிப்பு இந்த மெத்தடுக்குள் வேண்டாம். ஸ்லைஸ் செய்த (ஒரு பகுதி வரிகளை மட்டும் வெட்டியெடுத்த) குவெரிசெட்டை மேலும் ஃபில்டர் செய்ய ஜாங்கோ விடாது.